பட்ஜெட்டை நம்பிக் கடனுக்கு மெஷின் போடலாமா?

கேள்வி: கேரளாவின் கஞ்சிக்கோட்டில் சின்னதாக லேத் பட்டறை நடத்துகிறேன். வீடு வேலந்தாவளம் பக்கம். ராணுவத்துக்கு மத்திய அரசு வருஷா வருஷம் மூலதனச் செலவை (விமானம், கப்பல் மாதிரி நீண்ட நாள் சொத்து வாங்கும் செலவை) ஏற்றுவதால் இனி ஆர்டர் கொட்டும் என்கிறார் ஒருவர். 'வெண்டர் கோடு' (ஆலைக்குச் சப்ளை செய்பவருக்குத் தரும் பதிவு எண்) வாங்கித் தர ஒன்றரை லட்சம் கேட்கிறார். பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். கடன் வாங்கி ஒரு விஎம்சி மெஷினும் (கம்ப்யூட்டர் வழி இயங்கும் மில்லிங் மெஷின்) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். பர்ச்சேஸ் ஆர்டர் உங்கள் பட்டறைப் பெயரில் கைக்கு வரட்டும், அப்புறம் மெஷினைப் பற்றிப் பேசலாம்.

அவர் சொல்லும் கணக்கு பொய்யில்லை. 2020-21இல் மத்திய அரசின் மூலதனச் செலவு மொத்தமே 4.26 லட்சம் கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் அது 11.21 லட்சம் கோடி. அதில் பாதுகாப்புத் துறைக்கு 1.80 லட்சம் கோடி. ஆனால் இந்த 1.80இல் விமானத்துக்கும் அதன் இன்ஜினுக்கும் 48,614 கோடி, கடற்படைக் கப்பல்களுக்கு 24,390 கோடி. கணிசமான பணம் என்றோ கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணைக்கே போய்விடும். ஒதுக்கியதெல்லாம் செலவாகும் என்றும் இல்லை. 2024-25இல் 1.72 லட்சம் கோடி என்று அறிவித்துவிட்டு, திருத்திய மதிப்பீட்டில் அதை 1.6 லட்சம் கோடிக்கும் கீழே இறக்கினார்கள்.

உங்களுக்கு வரக்கூடியது புஷ், பின், ஃபிளேஞ்ச் மாதிரி வேலை. படைகள் நேரடியாக வாங்கும் உதிரிபாகங்கள் பெரும்பாலும் வருவாய்ச் செலவு, அதாவது அன்றாடப் பராமரிப்புச் செலவுக் கணக்கில்தான் வரும். பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும் மூலதனத் தொகைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. பெரிய ஆலை வழியாக வந்தாலோ, நடுவில் இரண்டு மூன்று கை மாறித்தான் டிராயிங் உங்கள் மேசைக்கு வரும்.

இனி அந்த ஆள் விஷயம். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அரசு கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் விற்பனையாளராகப் பதிவதும் இலவசம். இறக்குமதியாகும் எந்தெந்தப் பாகங்களை உள்நாட்டில் செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரீஜன் தளத்தில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும், உங்களிடம் டெண்டருக்கு முன்வைப்புத் தொகை கேட்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இத்தனையும் இருந்தும் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள் என்றால், படிவங்களை ஒரு பட்டறைக்காரருக்குப் புரிகிற மொழியில் யாரும் வைக்காததுதான் காரணம். வெண்டர் கோடு என்பது ஆலையின் கொள்முதல் பிரிவு உங்கள் மெஷினையும் அளவுக் கருவிகளையும் நேரில் பார்த்துத் தருவது. அதை விலைக்கு வாங்கித் தர யாராலும் முடியாது.

இன்னொன்றும் சொல்வார், பாருங்கள். ராணுவத் தளவாடத் தொழில்களுக்காக அறிவித்த தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோயம்புத்தூரும் ஒரு மையம். 'வாளையாறு தாண்டி கே.ஜி.சாவடியில் ஒரு கதவு எண்ணைக் காட்டினால் அந்த வழித்தடச் சலுகையும் கிடைக்கும்' என்பார். மெஷின் கஞ்சிக்கோட்டில், ஜிஎஸ்டி விலாசம் சாவடியில் என்றால், ஆய்வுக்கு ஆள் வந்து பார்த்தால் பதிவே ரத்தாகலாம். கோவைக்காரர்களுக்குச் சரக்கு விற்க உங்கள் கேரளப் பதிவே போதும்.

ஆர்டர் கிடைத்த பிறகு வருகிற சிக்கல்தான் பலரையும் சாய்க்கிறது. குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்பது சட்டம். இதை எல்லோரும் சொல்வார்கள். ஒரு விலக்கை மட்டும் சொல்ல மாட்டார்கள். சரக்கு இறக்கிய 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லிவிட்டால், அந்தக் குறையை நீங்கள் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்துதான் அந்த 45 நாள் கணக்கு தொடங்கும். 'இரண்டு பீஸ் டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வித்தியாசம்) தாண்டியது' என்று பதினான்காம் நாள் ஒரு மெயில் வரும், மாதம் ஓடிவிடும். அதனால் டெலிவரி சலானில் கையெழுத்து, சீல், தேதி மூன்றும் அங்கேயே வாங்குங்கள். 'இன்ஸ்பெக்‌ஷனுக்கு உட்பட்டது' என்று மட்டும் எழுதித் தந்தால், தேதி இல்லாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். ஒவ்வொரு பீஸுக்கும் அளவு ரிப்போர்ட்டைச் சலானோடு பின் செய்து கொடுங்கள். 15 நாள் தாண்டி வாயால் சொல்லும் குறைக்கு இந்தக் கணக்கில் மதிப்பில்லை. உத்யம் சான்றிதழையும் முதல் சப்ளைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிந்தி எடுத்தால் அதையே காரணம் காட்டி இழுப்பார்கள். புகார் போனால், குறு, சிறு தொழில்களின் பாக்கியை விசாரிக்கும் கவுன்சில் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடிக்கிறார்களா? சட்டம் எழுதியவர்கள் ஒரு மாதச் சம்பளம் வராமல் இருந்து பார்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

இப்போதிருக்கும் லேத்திலேயே, ஏற்கெனவே பதிவுள்ள ஒரு வெண்டருக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) எடுங்கள். ஆறு மாதம் ரிஜெக்‌ஷன் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். வங்கிக்குப் போகும்போது ஆர்டரோடு அந்த நோட்டையும் கொண்டு போங்கள்.

கொடுத்த பத்தாயிரத்தை வாட்ஸ்அப்பில் எழுதியே திருப்பிக் கேளுங்கள், போனில் வேண்டாம். பணம் போட்ட ரசீதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, தரவில்லையென்றால் போலீஸில் புகார் கொடுங்கள்.