பார்வையற்ற இளநிலை உதவியாளருக்கு எந்த சீட்டைக் கொடுப்பது?

கேள்வி: நான் ஒரு மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர். குரூப் 4 தேர்வு எழுதி எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் இளநிலை உதவியாளருக்கு முழுமையாகவே பார்வை கிடையாது. கணினி நன்றாகத் தெரியும் என்கிறார். ஒரு மாதமாக அவருக்கு எந்த சீட்டும், அதாவது செக்‌ஷனில் ஒருவர் பார்க்க வேண்டிய வேலைத் தொகுதி எதுவும், ஒதுக்கவில்லை. 'பாவம், உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், அவர் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றார்கள் மற்றவர்கள். இப்போது அவர்களே முணுமுணுக்கிறார்கள். அலுவலரிடம் கேட்டால், 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? அவருக்கு நான் என்ன வேலைதான் தருவது?

பதில்: இந்த வாரத்துக்குள் அவருக்கு ஒரு சீட்டை ஒதுக்கி அலுவலக ஆணை போட வையுங்கள். எல்லா வசதியும் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் இன்னும் ஆறு மாதம் ஓடிவிடும்.

'பாவம், உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்' என்று சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர் இப்போது தகுதிகாண் பருவத்தில் இருப்பவர். அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது அவருடைய வேலையைப் பற்றி என்ன எழுதுவீர்கள்? வேலையே தராமல் 'திருப்தி' என்று எழுதினால் அது பொய். 'திருப்தி இல்லை' என்று எழுதினால் அநியாயம். பயிற்சி வகுப்பு ஒன்றில் நான் சந்தித்த பார்வையற்ற ஊழியர் ஒருவர், 11 வருட சர்வீஸில் தான் கையாண்ட கோப்பு என்று ஒன்றுகூட இல்லை என்றார். வருகைப் பதிவேட்டில் மட்டும் அவர் பெயர் ஒருநாள் தவறாமல் இருந்ததாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம், அது தெளிவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்பது 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு தருவது அதன் 34-வது பிரிவு. அதில் 1 சதவீதம் பார்வையற்றவர்களுக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும். எந்தெந்தப் பதவியை யார் பார்க்க முடியும் என்று கண்டறிய வேண்டும் என்கிறது 33-வது பிரிவு. இளநிலை உதவியாளர் வேலையைப் பார்வையற்றவர் பார்க்க முடியும் என்று அரசே முடிவு செய்துதான் அவரை அனுப்பியிருக்கிறது. 'இவரால் முடியுமா?' என்ற விவாதத்தை உங்கள் செக்‌ஷனில் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதில்லை.

20-வது பிரிவுதான் உங்களுக்கு நேரடியாக வேண்டியது. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு ஒவ்வொரு அரசு நிறுவனமும் நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது அது. அளவுக்கு மீறிய சுமையாக இல்லாதவரை அப்படிப்பட்ட வசதியை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் வரையறையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதே 20-வது பிரிவில் இன்னொன்றும் உண்டு. சர்வீஸில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். முணுமுணுப்பவர்களிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சர்க்கரை நோய் யாரைக் கேட்டுக்கொண்டு கண்ணுக்கு வருகிறது?

சரி, என்ன வேலை தருவது? அதை அவரிடமே கேளுங்கள். ஒரு மாதத்தில் எத்தனையோ பேரிடம் ஆலோசனை கேட்டிருப்பீர்கள், அவரிடம் மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம். தேர்வெழுத உதவியாளர் கேட்டு விகாஸ் குமார் தொடுத்த வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரமும் இதுதான்: ஒவ்வொருவரின் தேவையும் வேறு, அதற்குத் தக்கபடிதான் வசதி அமைய வேண்டும். கல்லூரியில் எப்படிப் படித்தீர்கள், எந்தத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறீர்கள், தமிழில் தட்டச்சு எப்படிச் செய்வீர்கள், எதற்கு இன்னொருவர் கண் வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொதுவாகச் சொன்னால், கையெழுத்து மனுக்களைப் பிரித்துப் பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றும் தபால் சீட் அவருக்குத் தோதுப்படாது. கணினியிலேயே நடக்கும் வேலை தோதுப்படும். அரசின் மின்கோப்பு மென்பொருளான இ-ஆபீஸில் குறிப்பு எழுதுவது, வரைவுக் கடிதம், நினைவூட்டு, தகவல் உரிமைச் சட்ட மனுக்களுக்கு 30 நாள் கெடுவைக் கண்காணித்துப் பதில் தயாரிப்பது, எக்ஸலில் இருக்கும் நிலுவைப் பட்டியல் எல்லாம் அவர் செய்யக்கூடியவை. பழைய பழக்கத்தில் தொலைபேசி பக்கத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் விரும்பிக் கேட்டால் வேறு விஷயம்.

முழு சீட்டையும் அப்படியே தர முடியாவிட்டால் பண்டமாற்று செய்யுங்கள். பக்கத்து சீட்காரர் இவருடைய கையெழுத்து மனுக்களை வாசித்து இரண்டு வரியில் சாரத்தை ஏற்றித் தரட்டும். பதிலுக்கு அவருடைய நினைவூட்டுகளையும் வரைவுகளையும் இவர் போட்டுத் தரட்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலையும் ஆணையிலேயே எழுதிவிடுங்கள். ஒருவர் வேலையை மற்றவர்கள் சும்மா சுமக்கிறார்கள் என்ற பேச்சுக்கு அப்புறம் இடமிருக்காது.

இனி கணினி. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும். அவர் அதை நமக்குப் புரியாத வேகத்தில் வைத்துக் கேட்பார், ஆச்சரியப்படாதீர்கள். ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் செலவு முடிந்தது. உண்மையான சிக்கல் உங்கள் பழைய ஃபைல்களில் இருக்கிறது. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவற்றைத் திரைவாசிப்பான் தமிழாகப் பார்க்காது. பாமினியில் 'அம்மா' என்று அடித்திருந்தால் அவர் காதில் விழுவது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்'. தமிழுக்கு யூனிகோடுதான் தர எழுத்துமுறை என்று தமிழக அரசே 2010-இல் அறிவித்தும் மாதிரிக் கடிதங்களை இன்னும் வானவில்லில் வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. செக்‌ஷனில் அடிக்கடி எடுக்கும் 20, 30 மாதிரிகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. உண்மையில் அந்த வேலையையே அவரிடம் கொடுக்கலாம், எது வாசிக்கிறது, எது வாசிக்கவில்லை என்று உடனே சொல்லிவிடுவார்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னொரு தலைவலி. அது வெறும் படம், அவருடைய கணினி அதில் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லும். அச்சடித்த பக்கம் என்றால் எழுத்துணரி மென்பொருள் ஓரளவு காப்பாற்றும். கையெழுத்தை நம்ப முடியாது. மேல் அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகளை ஸ்கேன் நகலோடு மூல வேர்டு ஃபைலாகவும் அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் போடுங்கள். இ-ஆபீஸில் அவரோடு அரை நாள் உட்கார்ந்து எந்தப் பொத்தானில், எந்தக் கேப்சாவில் மாட்டுகிறார் என்று குறித்துக்கொண்டு, மென்பொருளை உருவாக்கிய தேசிய தகவலியல் மையத்துக்கு எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உதவி என்ற பெயரில் யாரும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி உள்ளே போகக்கூடாது. அவர் லாகினில் நடப்பது அவர் பொறுப்பு. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் மாட்டுவது அவர்தான். காகிதக் கோப்பில் ஒருவர் வாசித்துக் காட்டி இவர் கையெழுத்துப் போட்டால், வாசித்தவரும் ஓரத்தில் சுருக்கொப்பம் இடட்டும். இதை ஆரம்பத்திலேயே பழக்கமாக்குங்கள்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடைபாதையில் கட்டுக்கட்டாக ஃபைல் இருந்தால் எடுத்துவிடுங்கள். பீரோவையோ மேசையையோ நகர்த்தினால் அவரிடம் சொல்லிவிட்டு நகர்த்துங்கள். கழிப்பறைக்கும் படிக்கட்டுக்கும் ஒருமுறை கூட நடந்து காட்டுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள விடுங்கள். பேச்சைத் தொடங்கும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

அலுவலர் விஷயத்துக்கு வருகிறேன். 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்ற வாய்மொழியை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கென ஒரு கோப்பு தொடங்குங்கள். அந்த ஊழியரோடு பேசியதில் முடிவானவை, ஒதுக்கும் சீட், நிறுவ வேண்டிய மென்பொருள், ஹெட்போன் கொள்முதல், மாதிரிகளை மாற்றும் வேலை, புதிய ஊழியர்களுக்கான பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர் அனுப்பும்போது பாடக்குறிப்புகளை மென்வடிவில் கேட்பது எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் எழுதி ஒப்புதலுக்கு வையுங்கள். ஒவ்வொரு அரசு நிறுவனத்துக்கும் சமவாய்ப்புக் கொள்கை இருக்க வேண்டும் (பிரிவு 21), குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் (பிரிவு 23), பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தை முதல்முறை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது 89-வது பிரிவு. அதைக் குறிப்பில் எழுத வேண்டாம், பேச்சுவாக்கில் சொன்னால் போதும். எழுத்தில் மிரட்டல் மாதிரி தொனிக்கும்.

சீட் கொடுத்த பிறகு அவர் கையாளும் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டையும் மற்றவர்களுடையதைப் போலவே மாதாமாதம் பாருங்கள். நிலுவை இருந்தால் கேளுங்கள். கணினி தடுத்ததால் வந்த நிலுவை என்றால் தடையைச் சரிசெய்யுங்கள், அவர் அசட்டையால் வந்தது என்றால் மற்றவர்களுக்குத் தரும் குறிப்பாணையையே அவருக்கும் தாருங்கள். உங்களுக்கு இடமாறுதல் வந்தால் இந்தக் கோப்பைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் கண்காணிப்பாளர் முதல் நாளே அவரைப் பார்த்து 'பாவம்' என்பார்.