ஆண்களின் பூஞ்சைத் தொற்று: கேட்கத் தயங்கும் கேள்விகள்

(சருமநோய் மருத்துவர் பதிலளிக்கிறார். வாசகர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி வெளியிடவில்லை.)

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. பத்து நாள்களாக ஆணுறுப்பின் முனை சிவந்து அரிக்கிறது. முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் தயிர்த் திப்பிபோல வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. சென்ற மாதம்தான் என் மனைவி வெள்ளைப்படுதலுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். இது பால்வினை நோயா? யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வீட்டில் பேச்சு முற்றிவிட்டது.

பதில்: சிகிச்சையைச் சொல்வதற்கு முன் அந்தப் பேச்சை முடித்துவைக்க விரும்புகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையால் வரும் தொற்றுக்குப் பொருந்துகின்றன. நலமாக இருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும் தோல் மடிப்புகளிலும் இந்தப் பூஞ்சை எந்தத் தொல்லையும் தராமல் வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஈரமும் வெப்பமும் கூடும்போதோ, ஆன்டிபயாடிக் மருந்துகளால் அதற்குப் போட்டியாக இருக்கும் பாக்டீரியாக்கள் குறையும்போதோ, உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போதோ அது பெருகித் தொற்றாக மாறுகிறது. உடலுறவே அறியாதவருக்கும் இது வரலாம். உறவின்போது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவது உண்டு என்றாலும், மருத்துவம் இதைப் பால்வினை நோய்களின் வரிசையில் வைப்பதில்லை. ஆகவே இதை வைத்து உங்கள் மனைவியின் மீதோ உங்கள் மீதோ சந்தேகம் கொள்ள எந்த முகாந்திரமும் இல்லை.

பெரும்பாலோருக்குக் கிளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்போ மைக்கோனசோல் 2 சதவீதக் களிம்போ போதுமானது. காலையும் இரவும் வெறும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, மெல்லிய துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகு, பட்டாணி அளவு களிம்பை முனையிலும் முன்தோலின் உட்புறத்திலும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். தடவி முடித்ததும் முன்தோலை மறக்காமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும். வீங்கியிருக்கும் தோல் பின்னாலேயே நின்றுவிட்டால் முனையைச் சுற்றி இறுக்கிப் பிடித்து இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். அப்படி நேர்ந்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். களிம்பைப் பொதுவாக 7 முதல் 14 நாள்கள் வரை தடவ வேண்டியிருக்கும். சில நாள்களிலேயே அரிப்பு அடங்கிவிடுவதால் பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மீண்டும் வந்துவிட்டது என்று திரும்பி வருவோரில் கணிசமானவர்கள் இவர்களே.

தொற்று கடுமையாக இருந்தால் ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரையை ஒரே வேளையாகக் கொடுப்பதுண்டு. ஆனால் அது வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளின் வேகத்தைக் கூட்டும், சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும் என்பதால், நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அறிகுறிகள் அடங்கும்வரை உறவைத் தள்ளிப்போடுவது இருவருக்கும் நல்லது. இந்தக் களிம்புகளில் உள்ள எண்ணெய்ப் பொருள்கள் ரப்பர் ஆணுறையை வலுவிழக்கச் செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் மனைவிக்கு இப்போதும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லையென்றால் அவருக்கு மருந்து தேவையில்லை.

சிவப்பெல்லாம் பூஞ்சை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொப்புளம், புண், தடிப்பு, வெளுத்து இறுகிய தோல், இடுப்பு மடிப்பில் நெறிக்கட்டு இவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டாலோ, இரண்டு வாரம் மருந்திட்டும் குறையவில்லை என்றாலோ, நேரில் காட்டியே ஆக வேண்டும். ஹெர்பீஸ், சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோய்களும், சொரியாசிஸ் என்னும் தோல்நோயும், அரிதாகப் புற்றுநோயின் தொடக்க நிலையும் இதே இடத்தில் சிவப்பாக முதலில் தெரியக்கூடும்.

கேள்வி: வயது 52. இந்த ஆண்டில் எனக்கு இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் களிம்பில் குணமாகிறது, பிறகு திரும்ப வருகிறது. இன்னும் வீரியமான மருந்து இருக்கிறதா?

பதில்: வீரியமான மருந்தைத் தேடுவதற்கு முன் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் வயதை ஒத்த ஒருவர் என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய மூன்று களிம்புக் குழாய்களை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றும் அடிவரை சுருட்டிப் பிழியப்பட்டிருந்தன. பரிசோதித்தபோது முன்தோலின் விளிம்பில் கத்தியால் கீறியதுபோன்ற நுண்ணிய வெடிப்புகள் வரிசையாக இருந்தன. நீரிழிவில் நான் அடிக்கடி காணும் காட்சி அது. இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள் என்று கேட்டேன். நான்கு முறை என்றார். வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தாராம். அவருக்கு நீரிழிவு இருந்தது அன்றுதான் தெரியவந்தது. அவருடைய களிம்பில் குறையில்லை. சிறுநீரில் இறங்கிய சர்க்கரை முன்தோலுக்குள் தங்கி, பூஞ்சைக்கு நாள்தோறும் உணவாகிக்கொண்டிருந்தது.

வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை 6.5 சதவீதத்தை எட்டியிருந்தால் அது நீரிழிவின் அளவு. மருத்துவர் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார். ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரென்றால் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் வகை மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றியே வேலை செய்கின்றன என்பதால், இந்தத் தொற்று அவற்றின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பெரிய நன்மை தரும் மருந்துகள் அவை. ஆகவே நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் தொற்றைப் பற்றிச் சொல்லுங்கள். சிறுநீர் கழித்த பிறகு அவ்விடத்தைக் கழுவி ஒற்றிவிடும் பழக்கமே பலருக்குக் கைகொடுக்கிறது.

சர்க்கரை இயல்பாக இருந்தும் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், படிவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும், எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்வதும் அவசியம்.

கேள்வி: பூஞ்சை வந்துவிடக் கூடாது என்று தினமும் மூன்று வேளை சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கழுவுகிறேன். அப்படியும் எரிச்சல் தீரவில்லை.

பதில்: தீராததற்கு அந்தச் சோப்பே காரணமாக இருக்கக்கூடும். முன்தோலுக்கு அடியிலுள்ள தோல், உள்ளங்கைத் தோலைப் போன்றதல்ல. உதட்டின் உட்புறத்தைப் போன்று மென்மையானது. சோப்பு அதன் இயற்கையான எண்ணெய்ப்பசையை உரித்துவிடும். கிருமிநாசினி சுட்டே விடும். நீங்கள் தூய்மையில் அக்கறையோடு செய்தது இது என்பது எனக்குப் புரிகிறது. இரண்டையும் இன்றே நிறுத்திவிட்டு, நாளுக்கு ஒருமுறை வெறும் நீரால் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி உலர்த்துங்கள். இரண்டு வாரத்துக்குப் பின் எரிச்சல் இருந்தால் வந்து காட்டுங்கள். உள்ளாடை பருத்தியில், தளர்வாக, தினமும் மாற்றப்படுவதாக இருக்கட்டும். குளியலுக்கும் உடற்பயிற்சிக்கும் பிறகு ஈரத்தோடு உடுத்தாதீர்கள்.

கேள்வி: தொடை இடுக்கில் அரிப்புக்கு நண்பர் கொடுத்த களிம்பைப் போட்டேன். இரண்டே நாளில் மறைந்தது. நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகப் பரவிவிட்டது. ஏன்?

பதில்: அந்தக் குழாயின் மேல் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன் என்று ஏதேனும் இருந்தால் அது வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அது வேகமாக அடக்கிவிடும். அதே வேகத்தில் தோலின் எதிர்ப்பையும் அடக்குவதால் பூஞ்சை தடையின்றிப் பரவும். தொடர்ந்து போட்டால் தோல் காகிதம்போல் மெலிந்து, அழியாத கோடுகள் விழும். ஸ்டீராய்டு கலந்த இந்தக் களிம்புகளால் கெட்டுப்போன தொடைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

உங்களுக்கு இருப்பது படர்தாமரையாகவும் இருக்கலாம், கேண்டிடாவாகவும் இருக்கலாம். படர்தாமரை விளிம்பு உயர்ந்து வளையமாகப் படரும். பெரும்பாலும் விரைப்பையை விட்டுவிடும். கேண்டிடாவோ மடிப்பின் ஆழத்தில் ஈரமாகச் சிவந்து, சுற்றிலும் தனித்தனியாகச் சிறு பொரிகளைத் தூவியிருக்கும். ஸ்டீராய்டு போட்ட பிறகு இந்த அடையாளங்கள் கலைந்துவிடுவதால், தோலைச் சுரண்டி எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். படர்தாமரைக்குச் சிகிச்சைக் காலமும் கூடுதல். களிம்புக் குழாயையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: ஈஸ்ட் சேர்த்த ரொட்டியை விட்டுவிட்டால் இது வராதாமே?

பதில்: ரொட்டியைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் வேறு, கேண்டிடா வேறு. ரொட்டியை விட வேண்டியதில்லை.

கேள்வி: முன்தோலை நீக்கிவிட்டால் நிரந்தரமாகத் தீருமா?

பதில்: நீக்கியவர்களுக்கு இது குறைவாகவே வருகிறது என்பது உண்மை. ஆனாலும் ஓரிரு முறை வந்ததற்காக அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் வந்து, சோப்பை விட்டு, முறையாக மருந்திட்ட பிறகும் தொற்று திரும்புகிறவர்களுக்கும், அடிக்கடி வெடித்து ஆறியதால் தோல் இறுகி இனிப் பின்னுக்குப் போகாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் அதைப் பரிந்துரைக்கிறேன். சிறு குழந்தைகளுக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு; தூய்மை செய்கிறோம் என்று பெற்றோர் அதை வலிந்து இழுத்தால் தோல் கிழிந்து, ஆறும்போது தழும்பு விழுந்து இறுகிவிடும்.