‘சிஸ்தானி உத்தரவு’ என்று செய்தி வந்தால் எப்படி எடைபோடுவது?

கேள்வி: ஈராக் அரசியலைத் தொடர்ந்து கவனிக்கிறேன். பதவியோ கட்சியோ இல்லாத ஆயத்துல்லா அலி சிஸ்தானியின் பேச்சுக்கு அங்கே ஏன் இத்தனை மதிப்பு? ‘சிஸ்தானி உத்தரவு’ என்று வரும் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: முதலில் ஈரானோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே உச்சத் தலைவருக்கு அதிகாரம் தருவது அரசியல் சட்டம். ஈராக்கின் நஜஃப் நகரில் இருக்கும் ஷியா மதத் தலைவர் சிஸ்தானிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஈரானின் மஷ்ஹதில் பிறந்த ஈரானியர் என்பதால் 2005 ஈராக் தேர்தலில் அவருக்கு ஓட்டுரிமைகூட இல்லை. ஆனால் அந்தத் தேர்தல் நடந்ததற்கு அவரும் முக்கியக் காரணம். சதாம் வீழ்ந்தபின் ஈராக்கை ஆண்ட அமெரிக்க நிர்வாகம் தானே ஆட்களை நியமித்து அரசியல் சட்டம் எழுதவைக்கப் பார்த்தபோது, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான் எழுத வேண்டும் என்று 2003 ஜூனில் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார். அமெரிக்கா இறங்கிவர வேண்டியதாயிற்று.

மார்க்க விஷயங்களில் தாங்கள் பின்பற்றும் மூத்த அறிஞரை, அதாவது மர்ஜாவை, ஷியாக்கள் தாங்களே தேர்ந்துகொள்கிறார்கள். சிஸ்தானி அப்படி ஒரு மர்ஜா. குமுஸ் என்ற மத வரிப் பணத்தையும் தங்கள் மர்ஜாவிடமே சேர்க்கிறார்கள். அரசு கொடுக்காத மதிப்பை அரசால் பறிக்கவும் முடியாது.

செய்தியைப் படிக்கும்போது, அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று பாருங்கள். 2019 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் தெற்கு ஈராக்கின் நாசிரியாவில், அரசை எதிர்த்த போராட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். கர்பலாவில் அவருடைய பிரதிநிதி அஹ்மத் அல்-சாஃபி வாசித்த உரையில் ‘பிரதமர் விலக வேண்டும்’ என்ற பேச்சே இல்லை. நாடாளுமன்றம் அரசு பற்றிய தன் நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்யட்டும் என்பதோடு சரி. அன்றைக்கே பதவி விலகப்போவதாக அறிவித்தார் பிரதமர் அப்துல் மஹ்தி.

2014 ஜூனில் மோசுல் நகரம் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் கைக்குப் போனபோது வந்த ஃபத்வாவும் அப்படித்தான். ஆயுதம் ஏந்த முடிந்த குடிமக்கள் அரசின் பாதுகாப்புப் படைகளில் சேர வேண்டும் என்றுதான் அவர் அழைத்தார். அந்த அலையில் ஈரான் ஆதரவு ஆயுதக் குழுக்களும் வளர்ந்துவிட்டன. அதை அவருடைய திட்டம் என்று எழுதுவது அநியாயம். அவர் சொன்னதால் வந்த விளைவு என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே, நஜஃப் அலுவலகத்தின் முத்திரையோடு வந்த அறிக்கையா, கர்பலாவில் அவருடைய பிரதிநிதி வாசித்ததா என்று பாருங்கள். ‘அவருக்கு நெருக்கமானவர்கள் சொல்கிறார்கள்’ என்று அரசியல்வாதிகள் கசியவிடுவதை ஒதுக்கிவிடுங்கள். உண்மையான அறிக்கையே ஆனாலும், அது எதைப் பற்றியது என்பதும் முக்கியம். நெருக்கடியில் அவர் பேச்சுக்கு ஆட்சியே அசையும். ஊழலை ஒழியுங்கள் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்; கட்சிகள் தலையாட்டிவிட்டு அமைச்சகங்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.