மேடை லைட் கோளாறுகள்: கேட்டதும் சொன்னதும்

செங்கோட்டையில் லைட் செட் வைத்திருக்கிறேன். புளியரை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் அம்மன் கொடை, அந்தப் பக்கம் கானமேளா என்று வருஷம் முழுக்க மேடைதான். கேள்வி அனுப்பியவர்களில் பலர் தொழிலுக்குப் புதியவர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெஸ்டர் மினுங்குவதை மட்டும் நம்பி எதையும் தொடாதீர்கள். மல்டிமீட்டர் கையில் இருக்க வேண்டும்.

புளியரையில் இருந்து: அண்ணாச்சி, கொடையில் ஜெனரேட்டருக்கு மாற்றினதும் இடது பக்க எல்ஈடி பார் எட்டும் புகைந்துவிட்டன. வலது பக்கம் ஆயிரம் வாட் பல்புகள் மங்கலாக எரிந்தன. ஜெனரேட்டர் வோல்ட்டைக் கூட்டிவிட்டதா?

ஜெனரேட்டரைச் சந்தேகிக்கும் முன் நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரைப் பாருங்கள், தம்பி. ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் கருகினால் பெரும்பாலும் அது நியூட்ரல் விட்டுப்போன அடையாளம். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400. நியூட்ரல் அறுந்தால் இரண்டு பக்க லோடும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். லோடு அதிகமான பல்புப் பக்கம் மங்கும், லோடு குறைந்த எல்ஈடி பக்கம் வோல்ட் ஏறிக் கருகும். எல்ஈடி லைட்டின் பவர் சப்ளையில் 230 வோல்ட் ஏசி 325 வோல்ட் டிசியாக மாறும். 400 வந்தால் அது 560ஐத் தாண்டும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் பொதுவாக 400, 450 வோல்ட்தான் தாங்கும். வெடிக்காமல் என்ன செய்யும்?

எனக்கும் இது நடந்திருக்கிறது. லைன் கரண்டில் இருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சில், நியூட்ரல் வயரின் முனையைப் பிடிக்கும் ஸ்க்ரூ லூசாகிக் கருத்துப்போயிருந்தது. பன்னிரண்டு லைட் போச்சு, அந்தக் கொடையின் வரும்படி முழுக்க அதற்கே சரியாய்ப் போனது. அன்றிலிருந்து எல்ஈடி எதையும் மாட்டும் முன் ஒரு ஃபேஸில் மட்டும் ஆயிரம் வாட் பல்பைப் போட்டு, மூன்று ஃபேஸையும் மீட்டரில் அளக்கிறேன். மற்ற ஃபேஸ்களில் வோல்ட் குதித்தால் நியூட்ரல் சரியில்லை. அப்புறம், நியூட்ரலில் ஃபியூஸ் போடவே கூடாது.

உங்கள் எட்டு லைட்டையும் தூக்கிப் போட வேண்டாம். ஃபியூஸ், அதன் பக்கத்தில் வோல்ட் ஏறினால் தடுக்க வைத்திருக்கும் வட்டமான வாரிஸ்டர், பெரிய கெப்பாசிட்டர் மூன்றையும் சோதியுங்கள். சிலது அதோடு பிழைத்துக்கொள்ளும்.

ஆரியங்காவில் இருந்து: அண்ணா, சாரல் அடித்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழுகிறது. எர்த் வயரைக் கழற்றினால் விழாமல் நிற்கிறது. அப்படியே ஓட்டலாமா?

வேண்டவே வேண்டாம். கழற்றினால் கசிவு நிற்காது. லைட்டின் உடம்பிலும் அது தொங்கும் இரும்புச் சட்டத்திலும் காத்துக்கொண்டு நிற்கும். ஈரக்காலோடு கரகம் ஆடும் பெண் அந்தச் சட்டத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றைப் போட்டதும் விழுந்தால் கோளாறு அந்த லைட்டிலோ அதன் கேபிளிலோதான். நான் பார்த்தவரை பாதி நேரம் மண்ணில் கிடக்கும் இணைப்புச் சாக்கெட்டில் ஈரம்தான் காரணம். பலகை மேல் தூக்கி வையுங்கள். எந்த ஒன்றும் தனியாக விழவைக்காமல் எல்லா லைட்டும் சேர்ந்தால்தான் விழுகிறது என்றால், கோளாறு எங்கும் இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு எல்ஈடி லைட்டும் தன் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் எர்த்துக்கு விடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15ஐத் தாண்டினாலே விழக்கூடும். லோடைப் பிரித்து இரண்டு மூன்று ஆர்சிசிபியில் போடுங்கள். கேபிளின் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் பார்க்கும்போது இரண்டு முனையிலும் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தக் கேபிளை ஒதுக்கிவிடுங்கள்.

புனலூரில் இருந்து: போர்டில் இருந்து லைட்டுகளுக்குக் கட்டளை போகும் டிஎம்எக்ஸ் லைனில் கடைசி நாலு லைட் தானாகத் துடிக்கின்றன.

மைக் கேபிள் போட்டிருப்பீர்கள். டிஎம்எக்ஸுக்கான கேபிள் வாங்குங்கள். கடைசி லைட்டில் 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த பிளக்கைச் செருகுங்கள். ஒரு லைனில் 32க்கு மேல் வேண்டாம். நடுவில் ஒய் (Y) கேபிள் போட்டு இரண்டாகப் பிரிக்கவும் வேண்டாம்.

தென்காசியில் இருந்து: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் ஒரு சேனல் மட்டும் அணையவே மாட்டேன் என்கிறது.

அந்தச் சேனலுக்குக் கரண்ட் விடும் ட்ரையாக் என்ற பாகம் ஷார்ட். மாற்றிவிடுங்கள். அந்தச் சேனலில் எவ்வளவு வாட் ஏற்றினீர்கள் என்றும் பாருங்கள். ஆயிரம் வாட் பல்பு ஒன்று நாலேகால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

வடகரையில் இருந்து: மூவிங் ஹெட் (தலை திரும்பும் லைட்) அரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. உடனே திறந்து பார்க்கலாமா?

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷமாவது ஆறவிடுங்கள். பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். திறந்ததும் முதலில் அதை மீட்டரில் அளந்து, இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்புறம் ஃபேனைப் பாருங்கள். பட்டாசுப் புகையும் பந்தல் தூசியும் அடைத்துச் சுற்றாமல் நின்றிருக்கும். சூடு கூடியதும் உள்ளே இருக்கும் சென்சார் லாம்ப்பை அணைத்துவிடுகிறது. தூரிகையால் தட்டி, ஃபேனை மாற்றுங்கள். சென்சாரை மட்டும் ஷார்ட் பண்ணி ஓட்டாதீர்கள், அது ஆளுக்கு மேலே தொங்குகிற சாமான்.