உபுண்டு சர்வரில் கொடுத்த ஐபி முகவரி ரீபூட் செய்ததும் மறைந்துவிடுவது ஏன்? நிலையாக வைப்பது எப்படி?

'ஐபி' கட்டளையில் நீங்கள் கொடுத்த முகவரி கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நினைவில் மட்டும்தான் இருக்கிறது. எந்தக் கோப்பிலும் அது எழுதப்படுவதில்லை. மெஷினை அணைத்தால் அதுவும் போச்சு. பழைய 'இஃப்கான்ஃபிக்' கட்டளையும் இப்படித்தான். எதையாவது சோதித்துப் பார்க்க இது வசதி, நிலையாக வைக்க உதவாது.

நிலையாக வைக்க, உங்கள் மெஷினில் நெட்வொர்க்கை யார் கவனிக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகள் 'இன்டர்ஃபேசஸ்' கோப்பைத் திருத்தச் சொல்லும். அது டெபியன் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) வழி. உபுண்டு 2017-இல், 17.10 பதிப்பிலேயே நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கருவிக்கு மாறிவிட்டது. வழக்கமான உபுண்டு சர்வரில் அந்தப் பழைய கோப்பில் என்ன எழுதினாலும் பிழைச்செய்தி கூட வராது, எதுவும் மாறவும் மாறாது. இதுதான் கடுப்பேற்றும் விஷயம்.

அந்தக் குறிப்புகளில் நெட்வொர்க் கார்டுக்கு 'ஈத்0' என்ற பெயரும் இருக்கும். உங்களிடம் அநேகமாக 'இஎன்பி3எஸ்0' போல ஒன்றுதான் இருக்கும். பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0 என்று அர்த்தம். 'ஐபி லிங்க்' அடித்து, வருகிற பெயரை அப்படியே எழுதுங்கள்.

'ஈடிசி' கோப்புறைக்குள் 'நெட்பிளான்' கோப்புறையில் ஒரு யாமல் கோப்பு (அமைப்புகளை எழுதும் உரைக்கோப்பு) இருக்கும். அதில் முகவரியை '/24' போன்ற பிரிஃபிக்ஸோடு (நெட்வொர்க்கின் அளவைச் சொல்வது) எழுத வேண்டும். இடைவெளிக்கு டேப் கூடாது, ஸ்பேஸ்தான். கேட்வேயை, அதாவது வெளியே போக உதவும் ரவுட்டரின் முகவரியை, 'கேட்வே4' என்ற வரியில் எழுதினால் இப்போது எச்சரிக்கை வரும், 'ரூட்ஸ்' பகுதியில் டிஃபால்ட் என்று குறிப்பிடுங்கள்.

எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தொலைவிலிருந்து, வேலை செய்கிறீர்களா? அப்படியானால் 'நெட்பிளான் அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் டிரை' கொடுங்கள். 120 விநாடிக்குள் என்டர் அழுத்தாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். ஆனால் இதில் ஒரு சிக்கல். முகவரியையே மாற்றினால் உங்கள் செஷன் அங்கேயே உறைந்துவிடும், என்டர் எப்படி அழுத்துவது? நான் செய்வது இது: முகவரிகள் என்பது ஒரு பட்டியல்தானே, பழையதை விட்டுவைத்துப் புதியதையும் அதில் சேர்ப்பேன். 'டிரை' கொடுத்து உறுதி செய்தபின் புது முகவரி வழியே உள்ளே வந்து பழையதை நீக்குவேன். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் இது சுலபம். கேட்வேயும் மாறுகிறது என்றால் கன்சோல் (மெஷினின் நேரடித் திரை) வழியாகச் செய்வதே நல்லது.

வாடகை சர்வர் என்றால் கோப்பின் பெயரைக் கவனியுங்கள். '50-கிளவுட்-இனிட்' என்று இருந்தால், நீங்கள் எழுதியதைக் கிளவுட்-இனிட் (சர்வரைத் தானாக அமைக்கும் நிரல்) பிறகு அழித்து எழுதக்கூடும். அதன் நெட்வொர்க் வேலையை முதலில் முடக்கிவிட்டு, அப்புறம் திருத்துங்கள்.

டிஎன்எஸ் (தளப்பெயரை ஐபியாக மாற்றும் சர்வர்) முகவரியையும் இதே யாமல் கோப்பில் 'நேம்சர்வர்ஸ்' பகுதியில் கொடுங்கள். 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைக் கையால் திருத்தாதீர்கள், அதைப் பார்த்துக்கொள்வது சிஸ்டம்டி-ரிசால்வ்டி என்ற சேவை.