பிறந்த இடமா, ஆடத் தொடங்கிய இடமா? – வாசகர் கேள்வி பதில்

அவுஸ்திரேலியாவில் குடியேறிய பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பிய வாசகர்கள் சிலர், அங்கு கண்ட குயின்ஸ்லாந்து மாநில றக்பி லீக் அணியைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள். இம்முறை இப்பகுதி முழுவதையும் அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரதல்ல மைதானத்திலும் தரவளை மைதானத்திலும் 15 பேர் ஆடும் றக்பியைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பிரிஸ்பேனில் மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் அணிக்கு 13 பேர் ஆடினார்கள். அதுவும் றக்பிதானா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர், ஹட்டன்

பதில்: றக்பிதான், ஐயா, ஆனால் கூலிப் பிரச்சினையால் பிரிந்து சென்ற ‘றக்பி லீக்’ என்ற கிளை. இங்கிலாந்தின் வடபகுதியில் அவ்விளையாட்டை ஆடியவர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய சம்பளத்தில் ஒரு பகுதி போய்விடும்; உங்கள் செக்ரோலில் (தோட்ட வருகைப் பதிவேட்டில்) ‘அரைப் பேர்’ (அரைநாள் கூலி) விழுவதைப் போன்றதே அது. இழந்த அந்தக் கூலியையாவது கழகங்கள் ஈடுசெய்யலாம் என்ற கோரிக்கையை, பணத்துக்காக ஆடுவது இழிவு என்று கருதிய தென்பகுதிக் கனவான்கள் ஏற்க மறுத்தார்கள். 1895 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 ஆம் திகதி ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனிச் சங்கம் அமைத்தன. 1906 இல் அச்சங்கம் ஆட்டக்காரர் எண்ணிக்கையை 13 ஆகக் குறைத்ததோடு, வீழ்த்தப்பட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடரும் முறையையும் கொண்டுவந்தது. நமது மலையக மைதானங்களுக்கு 15 பேர் ஆடும் கிளையே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அதைக் கொண்டுவந்தவர்கள் துரைமார். ஆட்டத்துக்குப் போனதற்காக அவர்களுடைய சம்பளத்தை யாரும் வெட்டப்போவதில்லை. தாய்க் கிளையோ ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று ஏற்றுக்கொள்ள 1995 வரை, அதாவது சரியாக நூறு ஆண்டுகள், எடுத்துக்கொண்டது.

கேள்வி: குயின்ஸ்லாந்து அணி எப்போது தோன்றியது? தொடக்கத்திலிருந்தே பலமான அணியா?
– வாசகர், மாத்தளை

பதில்: இல்லை. புதிய ஆட்டம் 1907 இல் சிட்னியிலும் அடுத்த ஆண்டு பிரிஸ்பேனிலும் வேரூன்றியது. 1908 ஜூலையில் சிட்னியில் நடந்த முதலாவது மாநில மோதலில், சிட்னியைத் தலைநகராகக் கொண்ட அயல் மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் 43–0 என்ற கணக்கில் குயின்ஸ்லாந்தைத் தோற்கடித்தது. முதல் வெற்றிக்கு 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன்பின் வந்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் டங்கன் தொம்சன், முதலாம் உலகப் போரில் மார்பில் குண்டு பாய்ந்து இனி ஆடவே முடியாது என்று கூறப்பட்டவர். சிட்னியில் ஆடிப் புகழ்பெற்றபின் சொந்த மாநிலத்துக்குத் திரும்பினார். அவர் ஆடிய டூவும்பா நகர அணி, 1924 இல் சுற்றுப்பயணம் வந்த பிரித்தானிய அணியையே தோற்கடித்தது.

அந்தச் செழிப்பு நீடிக்காமற் போனதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. 1956 இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, பதிவுபெற்ற கழகங்கள் சூதாட்ட இயந்திரங்களை வைத்திருக்க அனுமதித்தது. அதனால் சிட்னிக் கழகங்களின் கையில் பணம் புரண்டது. குயின்ஸ்லாந்துக் கழகங்களுக்கோ அந்த வருமானம் இல்லை. நல்ல ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தவரெல்லாம் தெற்கே போனார்கள். இதற்குமேல் ஒரு விதியும் இருந்தது: ஒருவர் எந்த மாநிலத்துக் கழகத்தில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும். ஆகவே குயின்ஸ்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்களே நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டையை அணிந்துகொண்டு தம் சொந்த மாநிலத்தைத் தோற்கடித்தார்கள். 1960 களிலும் 1970 களிலும் குயின்ஸ்லாந்தின் வெற்றி அரிய நிகழ்வாகிவிட்டது.

கேள்வி: அந்த நிலை எப்படி மாறியது?
– ஆசிரியர், தலவாக்கலை

பதில்: அந்த ஒரு விதியை மாற்றியதால் மாறியது. அவுஸ்திரேலிய ரூல்ஸ் காற்பந்தாட்டத்தில் இதே குறை முன்னரே உணரப்பட்டிருந்தது. 1977 இல் மேற்கு அவுஸ்திரேலியா, விக்டோரியாவுக்குச் சென்றிருந்த தன் ஆட்டக்காரர்களைத் திருப்பி அழைத்து, அதே விக்டோரியாவை வென்றது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு குயின்ஸ்லாந்து றக்பி லீக்கின் தலைவரும் செனட்டருமான ரொன் மெக்கோலிஃப் சிட்னி நிர்வாகிகளிடம் பேசி, 1980 இல் ஒரேயொரு ஆட்டத்தை, ஒவ்வொருவரும் சொந்த மாநிலத்துக்கே ஆடும் ‘ஸ்டேட் ஒஃப் ஒரிஜின்’ என்ற புதிய முறையில் நடத்திப் பார்க்க இணங்க வைத்தார். அவ்வாண்டின் முதல் இரு ஆட்டங்களும் பழைய விதிப்படி நடந்தன. நியூ சவுத் வேல்ஸ் இரண்டையும் வென்றது. இரண்டாவதற்குச் சிட்னியில் 2,000 பேர் கூடத் திரளவில்லை. இழப்பதற்கு எதுவுமில்லாத அந்த வேளையில்தான் ஜூலை 8 ஆம் திகதி பிரிஸ்பேனின் லாங் பார்க் மைதானத்துக்கு 33,210 பேர் வந்தார்கள்.

குயின்ஸ்லாந்துக்குத் தலைமை தாங்கியவர் ஆதர் பீட்சன். ரோமா என்ற உள்நாட்டு ஊரில் பிறந்த அவருக்கு அப்போது வயது 35. அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடியினருள் எந்த விளையாட்டிலும் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய முதல்வர் அவர். எனினும் சிட்னியில் ஆடியதால் நியூ சவுத் வேல்ஸின் சட்டையை மட்டுமே அணிந்திருந்தார். பிறந்த மாநிலத்துக்காக அன்றுதான் முதன்முறையாக ஆடினார். எதிரணியிலிருந்த மிக் குரோனின், பரமட்டா கழகத்தில் பீட்சனோடு சேர்ந்து ஆடியவர். ஒரே கழகத்தவர்கள் மாநிலத்துக்காக உண்மையிலேயே மோதிக்கொள்வார்களா என்று சிட்னியில் பலர் ஏளனமாகக் கேட்டிருந்தனர். பீட்சன் குரோனினை முரட்டுத்தனமாகத் தாக்கிய கணத்தோடு அந்தக் கேள்வி முடிந்துபோயிற்று. கைகலப்பைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஆயினும் அந்த மோதலைக் கூறாமல் இவ்வணியின் வரலாற்றைச் சொல்லும் குயின்ஸ்லாந்துக்காரர் எவரும் இல்லை. அன்று 20 ஆவது பிறந்தநாளைக் கண்ட மல் மெனிங்கா, கோலை நோக்கி உதைத்த ஏழு உதைகளையும் புள்ளிகளாக்கினார். குயின்ஸ்லாந்து 20–10 என வென்றது. 1982 முதல் மூன்று ஆட்டங்களும் புதிய விதிப்படியே நடக்கின்றன. வொலி லூயிஸின் தலைமையில் வளர்ந்த குயின்ஸ்லாந்தை வென்று நியூ சவுத் வேல்ஸ் ஒரு தொடரைக் கைப்பற்ற 1985 வரை சென்றது.

கேள்வி: குயின்ஸ்லாந்திலும் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள் என்று படித்தேன். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இந்த அணியில் இருக்கிறார்களா?
– வாசகி, பதுளை

பதில்: இருக்கிறார்கள், மேலே சொன்ன மல் மெனிங்காவே அவர்களுள் ஒருவர். 1863 முதல் 1904 வரை வனுவாட்டு, சொலமன் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 62,000 பேர் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் போனவர்கள். சிலர் ஏமாற்றப்பட்டோ கடத்தப்பட்டோ கப்பலேற்றப்பட்டவர்கள். கரும்பு வளர்ந்து ஆலைகள் நிலைபெற்றபின், வெள்ளையர் மட்டுமே வாழும் நாடு வேண்டும் என்ற கொள்கையின்படி 1901 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1906 தொடக்கம் பல ஆயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தம்மைக் கேளாமலே முடிவுசெய்யப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. அங்கு எப்படியோ தங்கிவிட்ட குடும்பங்களின் வழியில் வந்த மெனிங்கா, கரும்பு நகரான பண்டபேர்க்கில் பிறந்தார். 1882 இல் இலங்கையிலிருந்து சென்ற சிங்களத் தொழிலாளர்கள் இறங்கிய துறைகளுள் ஒன்றும் அதே பண்டபேர்க்தான் என்பது பலருக்குத் தெரியாது.

குயின்ஸ்லாந்து அணியினரைக் ‘கரும்புத் தேரைகள்’ என்று அழைப்பதும் அத்தோட்டங்களின் மிச்சமே. கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935 இல் ஹவாயிலிருந்து கொண்டுவரப்பட்ட தேரைகள், வண்டுகளை விட்டுவிட்டு மாநிலமெங்கும் பெருகின. எதிரணிக்குக் ‘கரப்பான்கள்’ என்று பெயர்.

கேள்வி: அப்படியானால் குயின்ஸ்லாந்தில் பிறந்தவர்கள் மட்டுமே அந்த அணியில் ஆட முடியுமா?
– சட்டக்கல்லூரி மாணவர், பண்டாரவளை

பதில்: பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் விதி நெடுங்காலமாகக் கேட்டது பிறந்த இடத்தையன்று, ஒருவர் முதலில் எங்கே பெரியோர் மட்டத்தில் ஆடினார் என்பதையே. இதனாற் கிளம்பிய பெரிய சர்ச்சை கிரெக் இங்கிலிஸைச் சுற்றியது. நியூ சவுத் வேல்ஸில் பிறந்த ஆதிக்குடி இளைஞரான அவர், பிரிஸ்பேனில் பள்ளி அணிக்கு ஆடியதை வைத்துக் குயின்ஸ்லாந்துக்குத் தெரிவானார். மெனிங்கா பயிற்றுவிக்க, டெரன் லொக்கியர், கெமரன் ஸ்மித், ஜொனதன் தேர்ஸ்டன், பில்லி ஸ்லேட்டர் ஆகியோரோடு இங்கிலிஸும் ஆடிய அந்த அணி 2006 முதல் 2013 வரை எட்டுத் தொடர்களை அடுத்தடுத்து வென்றது. சிட்னியின் கோபம் எவ்வளவு என்பதை நீங்களே ஊகிக்கலாம். அதன்பின் விதி இறுக்கப்பட்டு, 13 வயதை எட்டுமுன் அம்மாநிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது முக்கிய அளவுகோலாயிற்று. என் கருத்தில் பழைய விதியே மேலானது. பிறப்புச் சான்றிதழைவிட, ஒருவனைக் கண்டெடுத்துப் பயிற்றுவித்த மைதானத்துக்கு அவன்மீது உரிமை அதிகம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளை உதவித்தொகை காட்டி மாநிலம் விட்டு மாநிலம் இழுக்க அது வழி திறந்தது என்ற மறுப்பிலும் நியாயம் உண்டு.

கேள்வி: பெண்களுக்கும் இப்போட்டி உண்டா?
– உயர்தர வகுப்பு மாணவி, நுவரெலியா

பதில்: உண்டு, மகளே. 1999 இல் தொடங்கிய பெண்களின் மாநில மோதலில் ஆண்டுக்கணக்காகக் குயின்ஸ்லாந்தின் கையே ஓங்கியிருந்தது. நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் முதன்முறை வென்றது 2016 இல்தான். 2018 இல் ஆண்களின் தொடருக்குரிய ‘ஸ்டேட் ஒஃப் ஒரிஜின்’ என்ற அதே பெயர் அவர்களுடைய ஆட்டத்துக்கும் கிடைத்தது. நெடுங்காலம் ஆண்டுக்கு ஒரே ஆட்டமாக இருந்தது 2023 இல் இரண்டாகி, 2024 முதல் ஆண்களுக்குப் போலவே மூன்றாக நடக்கிறது.