சாய்ந்த சாலையும் செங்குத்து விசையும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சாய்தளத்தில் இருக்கும் பொருளுக்குச் செங்குத்து விசை 'எம்ஜி காஸ் தீட்டா' (எடையான எம்ஜியை, சாய்வுக் கோணமான தீட்டாவின் காஸ் மதிப்பால் பெருக்குவது) என்று படித்திருந்தாள். வெளிவிளிம்பு உயர்த்திய வளைவில் ஓடும் காருக்கும் அதையே எழுதினாள்; தவறு என்று அடித்துவிட்டார்கள். அங்கே எம்ஜியை காஸ் தீட்டாவால் வகுக்க வேண்டுமாம். "ரெண்டும் சாய்ந்த தளம்தானே அம்மா, ஏன் ஒன்றில் பெருக்கல், இன்னொன்றில் வகுத்தல்?" என்கிறாள். மனப்பாடம் செய் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

அருமையான கேள்வி. சூத்திரத்தை அப்படியே விழுங்கியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்தே இருக்காது.

முதலில் அந்தச் சொல். செங்குத்தான பாறை என்று பேசிப் பழகியதால், செங்குத்து விசை என்றதும் நேர் மேலே போகும் விசை என்று தோன்றிவிடும். இங்கே பொருள், சாலைப் பரப்புக்குச் செங்குத்து. சாலை சாய்ந்தால் விசையும் கூடவே சாய்கிறது. அதன் ஒரு பங்கு காரை வளைவின் மையம் நோக்கித் தள்ளுகிறது. வெளிவிளிம்பை உயர்த்துவதே அந்தப் பங்குக்காகத்தான். மையநோக்கு விசை என்று தனியாக ஒரு அம்புக்குறி போட வேண்டாம். உள்நோக்கிய பங்குகளின் கூட்டலுக்குத்தான் அந்தப் பெயர்.

சரி, பெருக்கலா வகுத்தலா? அதைத் தீர்மானிப்பது சாய்வு அல்ல, முடுக்கத்தின் திசை. சாய்தளத்தில் வழுக்கும் கட்டை தளத்தை ஒட்டியே இறங்குகிறது. தளத்துக்குச் செங்குத்தான திசையில் முடுக்கமே இல்லை. அந்தத் திசையில் விசைகள் சமன்; செங்குத்து விசை எடையின் ஒரு பங்குக்கு மட்டுமே ஈடுகொடுக்கிறது. அதனால் பெருக்கல். வளைவில் கார் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, ஒரே மட்டத்தில் திரும்புகிறது. முடுக்கம் கிடைமட்டமாக மையத்தை நோக்கி. இங்கே சமன் ஆக வேண்டியது மேலும் கீழும் உள்ள விசைகள். உராய்வை விட்டுவிட்டால், செங்குத்து விசையின் மேல்நோக்கிய பங்கு மட்டுமே முழு எடையையும் தாங்க வேண்டும். ஒரு பங்கே எடைக்குச் சமம் என்றால் முழு விசை எடையைவிடப் பெரிதாகத்தானே இருக்கும்? அதனால் வகுத்தல்.

நிஜமான ஒரு வளைவில் போட்டுப் பார்ப்போம். ஃபுளோரிடாவில் 1959இல் திறக்கப்பட்ட டேடோனா பந்தயத் தடத்தில் வளைவுகளின் சாய்வு 31 டிகிரி, ஆரம் சுமார் 300 மீட்டர். அங்கே ஒரு கார் சும்மா நிற்கட்டும். டயரின் உராய்வு மேட்டுப்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும். செங்குத்து விசை எடையில் 86 சதவீதம். உங்கள் மகள் எழுதிய பெருக்கலேதான்! அப்புறம் வேகம் கூடட்டும். மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டரில் உராய்வின் உதவியே தேவைப்படாது. செங்குத்து விசை 117 சதவீதம். இது பாடப்புத்தகத்தின் வகுத்தல். அதே கார், அதே சாய்வு, வேகம் மட்டும் வேறு. பந்தயக் கார்கள் அங்கே 300ஐ ஒட்டிப் பறக்கின்றன. அப்போது உராய்வு திசை மாறிச் சரிவின் கீழ்ப்பக்கம் இழுக்கும். மேலிருந்து காற்று அழுத்துவதைச் சேர்க்காமலே செங்குத்து விசை எடையைப்போல் இரண்டு மடங்காகிவிடும்.

ஆக, உராய்வையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான்: எடை பெருக்கல் காஸ் தீட்டா; அதனுடன், நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுத்து, சைன் தீட்டாவால் பெருக்கிய தொகை. வேகத்தைப் பூஜ்ஜியமாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு உராய்வு தேவைப்படாத அந்த வேகத்தைப் போடச் சொல்லுங்கள். இரண்டு சூத்திரங்களும் அவள் கையாலேயே வந்துவிடும்.

அது வந்ததும் தீட்டாவுக்கு 90 டிகிரி போடட்டும். பொருட்காட்சியில் மரணக்கிணறு பார்த்திருப்பாள் அல்லவா? அந்தச் சுவர் கிட்டத்தட்ட அதுதான். காஸ் பூஜ்ஜியம் ஆவதால் எடைக்கு அந்த வரியில் இடமே இல்லை. சுவர் தரும் விசை முழுக்க வேகத்தால் வருவது. மோட்டார் சைக்கிளைக் கீழே விழாமல் தாங்குவது உராய்வு, அந்த உராய்வுக்கு அந்த விசை வேண்டும். ஓட்டுபவர் எந்த வேகத்துக்குக் கீழே போகக்கூடாது என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். விடை வந்ததும் எனக்கு எழுதட்டும்.